ஒரே ரோட்டில் இன்னொரு பஸ்: பாலக்காடு மாவட்டம் சித்தூர் எல்லைப் பக்கம் பெர்மிட் எடுக்க நினைக்கும் புது ஓனர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் சொந்தமாக ஒரு பஸ் விட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். "அந்த ரூட்ல ஏற்கெனவே நாலு வண்டி ஓடுது, கேரள அரசு பஸ் கேஎஸ்ஆர்டிசியும் ஓடுது. எனக்கு பெர்மிட் தருவாங்களா?"

பெரும்பாலும் தருவார்கள். அந்த பெர்மிட்டோடு எந்த நேரம் கிடைக்கும், அந்த நேரத்துக்கு வண்டி எடுத்தால் டீசல் காசு தேறுமா, முன்னால் போகிற வண்டியைத் துரத்தாமல் டிரைவரால் ஓட்ட முடியுமா என்பதில்தான் சிக்கல். அதனால் இங்கே மற்ற படிகளைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டி, நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். பாலக்காடு மாவட்டத்துத் தமிழ்க்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற எல்லை ஊர்க்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

சட்டம் யார் பக்கம்?

1939-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் இருந்த காலத்தில், புதிதாக ஒருவர் பெர்மிட் கேட்டால் அதே ரோட்டில் ஓட்டுகிற பழைய ஓனர்கள் வந்து ஆட்சேபம் சொல்லலாம். வருடக்கணக்கில் இழுக்கும். 1988-ல் வந்து 1989 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த இப்போதைய சட்டம் அதை மாற்றிவிட்டது. அதன் 80-வது பிரிவின்படி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம். அதிகாரிகள் சாதாரணமாக மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். பழைய ஓனர்கள் இதை எதிர்த்துப் போனார்கள். மித்திலேஷ் கார்க் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், போட்டி வருகிறது என்பதற்காகப் புது பெர்மிட்டைத் தடுக்க ஏற்கெனவே ஓட்டுகிறவருக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் ரோடு எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கிறது என்று தோன்றும். இரண்டு இடத்தில் பூட்டு இருக்கிறது. ஒன்று, அரசு போக்குவரத்துக் கழகத்துக்காக ஒதுக்கி அறிவிக்கப்பட்ட தடங்கள். சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் இதற்கென்றே இருக்கிறது. இன்னொன்று, மாநில எல்லை. இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

எந்த பெர்மிட் என்பதில் குழப்பம் வேண்டாம். ஸ்டாப் ஸ்டாப்பாக ஆள் ஏற்றி, தனித்தனியாக டிக்கெட் கொடுத்து ஓட்டுவது ஸ்டேஜ் கேரியேஜ். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று மொத்தமாக வாடகைக்குப் போவது கான்ட்ராக்ட் கேரியேஜ். டூரிஸ்ட் பெர்மிட் வாங்கி வைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே ஆள் ஏற்றி இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் உள்ள அபராதமே 10,000 ரூபாய், சிறைக்கும் இடமிருக்கிறது. வண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டால் அதற்கு மேல் நஷ்டம்.

கட்டணத்தில் போட்டி இல்லை, அதனால்தான் இத்தனையும்

புதியவர்கள் இதை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் பக்கத்துக் கடையைவிட இரண்டு ரூபாய் குறைத்து விற்கலாம். பஸ்ஸில் அது நடக்காது. 67-வது பிரிவின் கீழ் மாநில அரசுதான் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. கேரளாவில் 2022 மே 1 முதல் சாதாரண பஸ்ஸுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அது முதல் இரண்டரை கிலோமீட்டருக்கு. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். எல்லா வண்டியிலும் ஒரே காசு என்றால் பயணி எதைப் பார்த்து ஏறுவார்? முதலில் எது வருகிறதோ அதில் ஏறுவார். புது வண்டி, பாட்டு, குஷன் சீட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் முன்னால் எடுக்கிற வண்டிக்குக் கூட்டம் நிறைகிறது, பின்னால் வருகிறவர் அதைப் பிடிக்கப் பறக்கிறார். கேரள ரோடுகளில் தனியார் பஸ்கள் மோதுவதற்கும், பாட்டிமார்கள் இறங்கி முடிப்பதற்குள் டபுள் பெல் அடிப்பதற்கும் டிரைவரின் குணத்தை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு வண்டிக்கு நடுவே மூன்று நிமிடம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்த நாளிலேயே அந்த ஓட்டம் ஆரம்பமாகிவிடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. பெர்மிட் கொடுக்கிற மேசையில் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து யோசித்தால் ரோட்டில் உயிர்கள் தப்பும்.

ரோட்டில் இறங்கிக் கணக்கெடுங்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு நோட்டோடு ஸ்டாண்டிலும் நடுவழி ஸ்டாப்பிலும் போய் நில்லுங்கள். ஸ்டாண்டில் மட்டும் நின்றால் போதாது. ஸ்டாண்டிலிருந்து காலியாகக் கிளம்புகிற வண்டி, மூன்றாவது ஸ்டாப்பில் நிறைந்துவிடும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், அவர்களில் மாணவர்கள் எத்தனை என்று எழுதுங்கள். வேலை நாள், ஞாயிறு, சந்தை நாள் என்று மூன்று வகை நாட்களும் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு எடுக்கிற கணக்கும் ஏப்ரல், மே கணக்கும் வேறு வேறு. முதலமடைப் பக்கம் ஓட்ட நினைத்தால் மாம்பழ சீசனில் ஒரு தடவை, சீசன் முடிந்த பிறகு ஒரு தடவை பாருங்கள். கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்குப் போகிற ஆட்கள் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குத்தான் ரோட்டுக்கு வருவார்கள். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினால் உங்களுக்கு ஒருவரும் இல்லை.

எல்லை ஊர்களில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வேலந்தாவளத்தில் கேரள வண்டியை விட்டு இறங்கி, செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்து, கோயமுத்தூர் டவுன் பஸ் ஏறுகிற பெண்கள் அந்த பஸ்ஸின் நேரத்தைப் பார்த்துத்தான் இங்கிருந்து கிளம்புகிறார்கள். அந்தப் பக்கத்து நேரத்தையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். அந்த டவுன் பஸ் கிளம்பப் பத்து நிமிடம் முன்னால் உங்கள் வண்டி எல்லையில் போய் நிற்குமானால் உங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. கிளம்பி இரண்டு நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் அவர்கள் மறுநாள் உங்கள் வண்டியில் ஏற மாட்டார்கள்.

நோட்டைப் பார்த்தால் இப்படி ஏதாவது தெரியும் (இது நானே போட்ட உதாரணம், நிஜ டைம் ஷீட் இல்லை). காலையில் ஸ்டாண்டிலிருந்து 7.50, 8.05, 8.12, அப்புறம் 8.50-க்கு வண்டி. புதிதாக வருகிறவருக்குக் கை தானாக 8.02 என்று எழுதப் போகும், 8.05 வண்டி நிறைந்து போவதை அவர் பார்த்திருக்கிறார். 8.02-க்கு எடுத்தால் அந்தக் கூட்டத்தில் பாதி வரும். 8.05-க்காரர் சும்மா இருக்க மாட்டார், உங்களை முந்துவார், நாலாவது நாள் ஸ்டாண்டில் சண்டை. 8.12-க்கும் 8.50-க்கும் நடுவே 38 நிமிடம் சும்மா கிடக்கிறது. அங்கே 8.30-க்கு ஒரு வண்டி கிடைத்தால் 8.12-ல் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் கொஞ்சம் பேர் வருவார்கள், இத்தனை நாள் ஆட்டோ பிடித்தவர்களும் பைக்கில் போனவர்களும் வருவார்கள். முதல் மாதம் கலெக்ஷன் மெலிவாகத்தான் இருக்கும். அந்த நேரம் ஊருக்குப் பழகிய பிறகு அது உங்கள் வண்டி ஆகிவிடும்.

அந்த ரோடு அறிவிக்கப்பட்ட தடமா?

இதைப் பார்க்காமல் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போக்குவரத்துக் கழகத்துக்காக அறிவிக்கப்பட்ட தடத்தில் தனியாருக்குப் புது பெர்மிட் கிடைக்காது. உங்கள் ரூட்டில் ஒரு சின்னத் துண்டு மட்டும் அதன் மேல் விழுந்தாலும், அந்த அறிவிக்கையில் எவ்வளவு தூரம் வரை அனுமதி என்று பார்க்க வேண்டும். பாலக்காடு ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டால் எந்த அறிவிக்கை என்று சொல்வார்கள். அதன் நகலை வாங்கி, உங்கள் ரூட்டை ஸ்டாப் ஸ்டாப்பாக அதோடு ஒப்பிடுங்கள். வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். வரைவுத் திட்டம் என்று வெளியிட்டு ஒரு வருடத்துக்குள் அதை இறுதி செய்யாவிட்டால் காலாவதி என்று 100-வது பிரிவு சொல்கிறது. தனியார் பஸ்களுக்கு 140 கிலோமீட்டர் எல்லை வைத்த விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. நம் பக்கத்து ஊர் வண்டிகள் அத்தனை தூரம் ஓடாததால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேஎஸ்ஆர்டிசி ஓடுகிறது என்பதாலேயே அது அறிவிக்கப்பட்ட தடம் ஆகிவிடாது. நிறைய ரோடுகளில் அவர்களும் தனியாரும் சரிசமமாக பெர்மிட் வாங்கித்தான் ஓட்டுகிறார்கள்.

ரூட்டை வரையும்போது மெயின் ரோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போகாமல், பஸ்ஸே இல்லாத ஒரு துண்டைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். எருத்தேம்பதி, வடகரப்பதி பஞ்சாயத்துகளில் தோப்புக்குள் போகிற ரோடுகளில் இன்னும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வண்டி இருக்கிற இடங்கள் உண்டு. பெர்மிட் கொடுக்கிற குழுவான ஆர்டிஏவின் கூட்டத்தில் இந்த மாதிரி விண்ணப்பத்துக்கு மரியாதை அதிகம். ஊருக்கும் நல்லது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2025-ல் கொண்டுவந்த மினிபஸ் திட்டத்தில் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்: தடம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். ஒரே ரோட்டில் எல்லாரும் நெருக்கியடிப்பதைத் தடுக்க அது நல்ல வழி என்றே நினைக்கிறேன். கேரளாவில் அப்படி விதியாக இல்லாவிட்டாலும் நீங்களாகவே செய்யலாம்.

விண்ணப்பம்

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளம் வழியாகப் போகும். யாரிடம் போக வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: ரூட் இரண்டு மாவட்டத்தில் ஓடினால், அதிகத் தூரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த ஆர்டிஏ. ஆர்டிஏ என்பது ஆர்டிஓ அலுவலகம் இல்லை, கலெக்டர் தலைமையில் கூடுகிற குழு. ஆர்டிஓ அதன் செயலாளர். சித்தூர் ஆஃபீஸில் வண்டி பதிந்து கேஎல் 70 நம்பர் வாங்கினாலும், பெர்மிட் விஷயம் பாலக்காட்டுக்குத்தான் போகும்.

70-வது பிரிவு கேட்கிற விவரங்கள்: ரூட், வண்டியின் வகையும் சீட்டும், ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை ட்ரிப், அதிகம் எத்தனை ட்ரிப், உத்தேச டைம் டேபிள், ரிசர்வ் வண்டி, ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், பழுது பார்க்க என்ன ஏற்பாடு. இதில் டைம் டேபிளைத் தவிர மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை.

டைம் டேபிளுக்கு மட்டும் நாலு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற நேரத்தைக் குறைத்துக் காட்டி, கூடுதலாக ஒரு ட்ரிப் சொருகலாம் என்று ஆசை வரும். வேக வரம்பை மீறினால்தான் அந்த நேரத்தில் போய்ச் சேர முடியும் என்று தெரிந்தால் ஆர்டிஏ மறுக்க வேண்டும் என்றே 71-வது பிரிவில் இருக்கிறது. மறுப்பதற்கு முன் திருத்த ஒரு வாய்ப்புத் தருவார்கள், அதுவரை மாதங்கள் ஓடிவிடும். ஸ்கூல் நேரத்தில் சித்தூருக்குள் வண்டி எப்படி ஊர்ந்து போகிறதோ அந்தக் கணக்கில் எழுதுங்கள். டிரைவரும் கண்டக்டரும் சாப்பிட, ஒதுங்க நேரம் விட்டு எழுதுங்கள். தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ட்ரிப் போட்டுவிட்டு ஒரே செட் ஆளை வைத்து ஓட்டுவது சட்டத்துக்கும் ஆகாது, பிரேக் பிடிக்க வேண்டிய காலுக்கும் ஆகாது.

மலையாளத்தில் எழுத வராது என்பதற்காக இடைத்தரகரிடம் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். 1969-ம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு உரிமை எழுதி வைத்திருக்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும், தலைமைச் செயலகத்துக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். உத்தேச நேரத்துக்கான காரணங்களைத் தனிக் கடிதமாக உங்கள் மொழியில் தெளிவாக எழுதி, நோட்டில் எடுத்த கணக்கையும் சேர்த்து இணையுங்கள். வாங்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் சட்டத்தின் பெயரை மரியாதையாகச் சொல்லுங்கள்.

ரூட் என்கொயரியும் கூட்டமும்

விண்ணப்பம் போன பிறகு மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரூட்டைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். ரோடு அகலம், பாலம், வண்டி திரும்ப இடம், அறிவிக்கப்பட்ட தடத்தோடு எவ்வளவு உரசுகிறது, இப்போது எத்தனை வண்டி ஓடுகிறது எல்லாம் அதில் வரும். முடிந்தால் ரிப்போர்ட்டின் நகலைக் கூட்டத்துக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். ஆர்டிஏ கூட்டம் அடிக்கடி கூடாது, அதனால் அஜெண்டாவில் உங்கள் நம்பர் வந்த அன்று நேரில் போய்விடுங்கள். பஞ்சாயத்தோ பள்ளி பிடிஏவோ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) இந்த நேரத்துக்கு பஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால் அன்று உதவும்.

டைமிங் கான்பரன்ஸ்

பெர்மிட் அனுமதி ஆன பிறகு நேரம் முடிவாகிற இடம் இது. புது வண்டியின் நேரத்தால் பாதிக்கப்படுகிறவர்களை, அதாவது அதே ரோட்டில் ஓட்டுகிற தனியார் ஓனர்களையும் கேஎஸ்ஆர்டிசியையும் அழைத்து வைத்துப் பேசுவார்கள். பெர்மிட்டையே தடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்றாலும், நேரத்தில் பேச இடமுண்டு. எல்லாரும் அவரவர் டைம் ஷீட்டோடு வருவார்கள்.

அங்கே நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும். பெரியவர் ஒருவர் உங்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, எட்டு அஞ்சுங்கறது இருவது வருஷமா என்ற டைம். நீங்க மூணு நிமிஷம் முன்னாடி எடுத்தா எனக்கு யாரு ஏறுவாங்க?" என்பார். கோபப்பட வேண்டாம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. "நீங்க சொல்றது சரிங்கண்ணா. எனக்கு எட்டு முப்பது போதும். ஆனா சாயங்காலம் நாலேகாலுக்கு ஸ்கூல் விடற நேரத்துல உங்களுக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்குது, அதுல ஒண்ணு எனக்கு வேணுங்க" என்று நோட்டை எடுத்துக் காட்டினால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். கணக்கோடு வருகிறவர் குறைவு. அதனாலேயே கணக்கு வைத்திருப்பவரின் பேச்சை அதிகாரியும் கேட்பார்.

மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் ட்ரிப்புக்கும் கடைசி ட்ரிப்புக்கும் வண்டி நிற்கிற ஊர் உங்கள் டிரைவருக்கு வசதியான ஊராக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் போய்ச் சேர்ந்த பிறகு குறைந்தது பத்து நிமிடமாவது ஓய்வு வேண்டும். நடுவழியில் முக்கியமான ஸ்டாப்பின் நேரமும் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கிளம்புகிற நேரமும் சேருகிற நேரமும் மட்டும் இருந்தால், நடுவே ஐந்து நிமிடம் உருட்டி ஆள் சேர்த்துவிட்டு மீதித் தூரத்தைப் பறந்து முடிக்கிற பழக்கத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. சித்தூரில் இத்தனை மணி, நல்லேப்பிள்ளியில் இத்தனை மணி என்று எழுதியிருந்தால் உங்களுக்கும் பிடி, எதிராளிக்கும் பிடி.

ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நேரம் ஒத்துவரவில்லை என்றால் மாற்றக் கேட்கலாம். அதேபோல ஆர்டிஏவும் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து உங்கள் பெர்மிட் நிபந்தனைகளை மாற்றலாம், 72-வது பிரிவில் அந்த அதிகாரம் இருக்கிறது. முடிவு அநியாயமாகத் தோன்றினால் எறணாகுளத்தில் உள்ள மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆர்டர் கையில் கிடைத்த தேதியை எழுதி வையுங்கள், கெடு அதிலிருந்துதான் ஆரம்பம்.

ஓடுகிற பஸ்ஸை பெர்மிட்டோடு வாங்கினால்

நேரம் பேசுகிற வேலையே இல்லாமல், பழகிய டைமோடு வண்டி கிடைக்கும் என்பதால் நிறைய பேர் இந்த வழியில் வருகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் 82-வது பிரிவின்படி ஆர்டிஏ அனுமதி இல்லாமல் பெர்மிட் கை மாறாது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பழையவர் பெயரிலேயே ஓட்டுவது வேண்டாம். ஒரு விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கில் நீங்களும் அவரும் சேர்ந்து சிக்கிக்கொள்வீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டுகிற வரியில் பாக்கி, தொழிலாளர் க்ஷேமநிதி (நலநிதி) பாக்கி, ஃபைனான்ஸ், கட்டாத சலான்கள், பெர்மிட் முடிகிற தேதி, அந்த டைமின் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்பது. ஓனர் இறந்துபோன வண்டி என்றால், வாரிசு 30 நாளுக்குள் ஆர்டிஏவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். மூன்று மாதம் வரை ஓட்டலாம், அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும்.

ரோட்டில் இறக்குவதற்கு முன்

அனுமதி ஆர்டரில் சொன்ன கெடுவுக்குள் வண்டியின் பேப்பர்களைக் காட்ட வேண்டும், அதனால் பாடி கட்டுகிற இடத்தில் தாமதம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஃபிட்னஸ், இன்சூரன்ஸ், வரி, க்ஷேமநிதி ரசீது, ஸ்பீடு கவர்னர், ஆபத்துப் பட்டனோடு கூடிய ஜிபிஎஸ் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வண்டி எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் டெஸ்ட். நிறம் உங்கள் இஷ்டம் இல்லை: 2018 முதல் ஊர்களுக்கு நடுவே ஓடும் சாதாரண வண்டிக்கு நீலம், டவுனுக்குப் பச்சை, லிமிடெட் ஸ்டாப்புக்கு மெரூன். கண்டக்டருக்கும் லைசென்ஸ் வேண்டும். வண்டியை ரிப்பேருக்கோ வேறு காரணத்துக்கோ நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் வண்டி ஓடாது என்று தெரிவிக்கிற ஜி ஃபாரத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், ஓடாத நாளுக்கு வரி கட்ட வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலெக்ஷனில் இத்தனை சதவீதம் பேட்டா என்று வைத்தால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ரோட்டில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் காசாகத் தெரிவார். ஓட்டப் போட்டிக்கு நீங்களே பணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நிலையான தினக்கூலி வைத்து, டைமைப் பிடித்து ஓட்டிய நாளுக்குச் சின்னதாக ஏதாவது கூடுதலாகக் கொடுங்கள். கொஞ்சம் கலெக்ஷன் குறையும், டயரும் டீசலும் சலானும் அதற்கு மேல் மிச்சமாகும்.

எஸ்டி டிக்கெட் என்கிற மாணவர் சலுகை டிக்கெட்டைப் பற்றியும் புது ஓனர்கள் குறைபடுவார்கள். மாணவர்களுக்குக் குறைந்தபட்சம் ஒரு ரூபாய்தான், டீசல் விலைக்கு அது ஒன்றுமே இல்லை என்பது உண்மை. அதற்கான சண்டையை அரசோடு போட வேண்டும், தோளில் பையோடு மழையில் நிற்கிற பிள்ளையோடு போடக் கூடாது. எல்லாரும் ஏறி முடித்த பிறகு கடைசியில் பிள்ளைகளை ஏற்றுகிற வழக்கம் உங்கள் வண்டியில் வேண்டாம். இன்றைக்கு ஏற்றிப் போகிற பிள்ளையின் அம்மா, பாட்டி எல்லாரும் முழு டிக்கெட் எடுக்கிறவர்கள்.

பொள்ளாச்சி வரைக்கும் போகலாமா?

எல்லாருக்கும் இந்த ஆசை உண்டு. பாலக்காடு–பொள்ளாச்சி ரோட்டில் எப்போதும் கூட்டம் இருக்கிறது. ஆனால் இரண்டு மாநிலத்துக்கு நடுவே ஓட, 88-வது பிரிவின் கீழ் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்த ரூட்டும் வண்டி எண்ணிக்கையும் இருக்க வேண்டும். ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட்டில் அடுத்த மாநிலம் மேலொப்பம் போட்டால்தான் அங்கே செல்லும். ஒப்பந்தத்துக்கு மேல் பெர்மிட் கொடுக்க முடியாது என்று 1999-ல் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளூர் ரூட்டில் 80-வது பிரிவு தருகிற தாராளம் இங்கே கிடையாது. புது ஒப்பந்தத்துக்கான வரைவு வெளியானால் அரசிதழிலும் செய்தித்தாளிலும் வரும், கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் இருக்கும். அப்போது எழுதுங்கள், பயணிகளையும் எழுதச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் கோபாலபுரத்திலோ வேலந்தாவளத்திலோ மீனாட்சிபுரத்திலோ வண்டியைத் திருப்புகிற ரூட்டே புதியவருக்குச் சரி. இதற்கு ஒரே மாநிலத்தின் பெர்மிட் போதும். அவசரமாக நாலு மாதத்துக்கு ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் 87-வது பிரிவில் தற்காலிக பெர்மிட் இருக்கிறது, திருவிழாவுக்கும் சீசனுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு

பெர்மிட்டின் ஆயுள் ஐந்து வருடம். முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போட வேண்டும், மூன்று மாதம் முன்பே பேப்பர்களைச் சேர்க்க ஆரம்பியுங்கள். லாபமில்லாத ட்ரிப்பைச் சொல்லாமல் கட் அடிக்காதீர்கள். ராத்திரி கடைசி ட்ரிப்பில் ஏழு பேர்தான் வருகிறார்கள் என்று நிறுத்தினால், அந்த ஏழு பேரும் பைக் வாங்கிவிடுவார்கள், காலையிலும் உங்கள் வண்டிக்கு வர மாட்டார்கள். பெர்மிட்டில் எழுதிய ட்ரிப்பை ஓட்டாமல் விட்டால் 86-வது பிரிவில் சஸ்பெண்ட் செய்யவோ ரத்து செய்யவோ முடியும். நிஜமாகவே ஆள் இல்லையென்றால் ஆர்டிஏவிடம் எழுதிக் கொடுத்து நேரத்தை மாற்றுங்கள்.

முடிவான டைம் ஷீட்டை வண்டிக்குள் ஒட்டுவதோடு விடாமல், ரூட்டில் உள்ள ஒவ்வொரு ஸ்டாப் கடையிலும் ஒரு நகல் கொடுங்கள். மலையாளத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் அடித்து, உங்கள் வண்டியின் நேரத்தோடு அந்த ரோட்டில் ஓடுகிற மற்ற வண்டிகளின் நேரத்தையும், கேஎஸ்ஆர்டிசியையும் சேர்த்தே போடுங்கள். போட்டி வண்டிக்கு ஏன் விளம்பரம் என்று கேட்பார்கள். எந்த நேரத்துக்கு எது வரும் என்று தெரிந்த ரோட்டில்தான் மக்கள் பஸ்ஸை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.